மகரக்கட்டு

அம்மாவாசியின் குரல் முதன்முதலில் உடைந்தது ஒரு பலசரக்குக் கடை வாசலில். ஆத்தா சொல்லி அனுப்பிய சீரகத்தையும் புளியையும் கேட்பதற்காகப் போடி கடைவீதியில் நின்று வாயைத் திறந்தான். "அண்ணே, சீரகம்" என்பதில் முதல் சொல் எப்போதும்போல் கணீரென்று வந்தது. அடுத்த சொல், அவனுக்குப் பின்னால் நின்று வேறு யாரோ பேசியதுபோல் கரகரத்து இறங்கியது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.  ஆனால் அம்மாவாசி அதற்குமேல் புளி கேட்கவில்லை. சீரகப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வழியில் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தான்.

அவனுக்குப் பதினைந்து வயது. அந்த வயதில் எந்தப் பையனுக்கும் நடப்பதுதான். ஆனால் அவன் பெண்குரலில் பாடிப் பேர் வாங்கியவன். அந்தக் குரலால்தான் 'சாரல் இன்னிசைக் குழு'வில் இருந்தான். அது போய்விட்டால் தனக்கு அங்கே என்ன வேலை என்று அவனுக்குத் தெரியவில்லை.

குழு என்றால் நான்கு பேர். ஆரம்பித்தவன் செல்லப்பாண்டி. அவனுடைய அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் முடித்தும் மலைக்குப் போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டு ஊரிலேயே சுற்றினான். கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றின் ஆர்மோனியப் பெட்டி அவன் கைக்கு வந்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஜேசுராஜைப் பிடித்தான். பெஞ்சு, டெஸ்க், தகரடப்பா எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருக்கும் சங்கிலிக்கு ஒரு ஜோடி பாங்கோ வாங்கிக் கொடுத்தான். ஜேசுராஜின் அப்பா ஞானசிகாமணிக்குக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும் என்பதால் ஆராதனை முடிந்ததும் மாடியில் இருந்த கிட்டங்கி இவர்களுக்குக் கிடைத்தது. ஆணி மூட்டைகளுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பாடிப் பார்ப்பார்கள்.

அம்மாவாசி கடைசியாக வந்து சேர்ந்தவன். ஒருநாள் வாத்தியார் வராத வகுப்பில், ரேடியோவில் கேட்ட பாட்டு ஒன்றைக் கதவுக்குப் பின்னால் நின்று பாடினான். ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குள் பெண்பிள்ளை எப்படி வந்தது என்று தலைமையாசிரியர் வராந்தா வழியாகத் தேடிக்கொண்டே வந்துவிட்டார். பிரம்படி பலமாகத்தான் விழுந்தது. ஆனால் விஷயத்தைக் கேள்விப்பட்டு, சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் செல்லப்பாண்டி சைக்கிளோடு காத்திருந்தான்.

"பாடுனது நெசமாவே நீதானா?"

"ஆமா."

"இன்னொருக்காப் பாடு."

"இங்கனயா?"

"இங்கனதான். எனக்கு நம்பிக்கை வரணும்ல."

ரோட்டில் மாட்டுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அம்மாவாசி கண்ணை மூடிக்கொண்டு பாடினான். கண்ணைத் திறந்தபோது செல்லப்பாண்டி ஸ்டாண்டில் போட மறந்த சைக்கிள் அவன் காலிலேயே சாய்ந்து கிடந்தது.

பெண்குரல் இல்லாத குழுவை யாரும் கூப்பிட மாட்டார்கள். பாடகி வேண்டுமென்றால் மதுரையிலிருந்து கூட்டி வர வேண்டும். உள்ளூரில் எந்த வீட்டிலும் பெண்ணை மேடைக்கு அனுப்ப மாட்டார்கள். அம்மாவாசி வந்தபிறகுதான் அவர்களுக்கு மேடை கிடைத்தது. கோம்பையில் ஒரு கல்யாண வீட்டில் முதல் கச்சேரி. கூச்சத்தில் அவன் ஒரு வேட்டித் திரைக்குப் பின்னால் நின்று பாடினான். இரண்டு பாட்டு முடிந்ததும் "பொண்ணக் காட்டுங்கப்பா" என்று கூட்டம் கத்தியது. செல்லப்பாண்டி எழுந்து திரையை விலக்கினான். அரைக்கால் டவுசரும் எண்ணெய் வழியும் தலையுமாக நின்றவனைப் பார்த்து ஒரு கணம் பந்தலே வாயடைத்துப் போனது. பிறகு விசில் நிற்கவே இல்லை. அதற்கப்புறம் தேவாரம், சுருளிப்பட்டி என்று போன இடமெல்லாம் அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவனுடைய ஆத்தா மொக்கம்மாள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை பார்த்தாள். அப்பா இல்லாத வீடு. தெருவில் அவனை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது நின்று பார்த்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தேனி வந்தது. வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் பொருட்காட்சியில் ஒரு சாயங்காலம் இரண்டு குழுக்கள் மாறி மாறிப் பாட வேண்டும். எந்தக் குழுவுக்குக் கைதட்டல் அதிகமோ அந்தக் குழுவுக்குக் கடைசி நாள் மேடை. கம்பத்திலிருந்து ஒரு குழு, போடியிலிருந்து இவர்கள். நோட்டீசில் நான்கு பேர் பெயரும் இருந்தது. அம்மாவாசி தன் பெயரை அச்சில் அதற்குமுன் பார்த்ததில்லை.

செல்லப்பாண்டிக்கு அது வேறு கணக்கு. "தேனியில வந்து ஒங்க பாட்டக் கேக்குறேன். நல்லாருந்தா இங்கனயே இருந்துக்க. இல்லேன்னா பேசாம ஜீப்புல ஏறி மலைக்கு வந்துரு" என்று அவன் அப்பா சொல்லியிருந்தார்.

கடை வாசலில் குரல் உடைந்தது, அந்த நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில்.

அம்மாவாசி பேச்சைக் குறைத்தான். பள்ளிக்கூடத்தில் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டான். வாத்தியார் கேள்வி கேட்டபோது பதில் தெரிந்தும் தெரியாதவன்போல் நின்று அடி வாங்கினான். தனியாக இருக்கும்போது வாய்க்கால் கரைக்குப் போய் மெல்லப் பாடிப் பார்த்தான். சில நேரம் பழைய குரல் அப்படியே வந்தது. அப்போதெல்லாம், கடை வாசலில் நடந்தது ஏதோ சளித்தொந்தரவு என்று நிம்மதியாகத் திரும்புவான். மறுநாள் பாட்டின் நடுவில் தரை விலகியதுபோல் குரல் கீழே விழும்.

வீட்டில் எவ்வளவு நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? ஒரு சாயங்காலம், "ஆத்தா, பசிக்குது" என்று சொல்லிவிட்டான். அடுப்பருகே இருந்த மொக்கம்மாள் திரும்பினாள்.

"ஏலே, இன்னொருக்காப் பேசு."

அவன் பேசவில்லை. அவள் எழுந்து வந்து அவன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் விரல்களில் ஏலக்காய் வாசம் அடித்தது. மேலுதட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"மகரக்கட்டு ஒடையுதுடா ஒனக்கு! எம்மயன் ஆளாயிட்டான்! ஏ முத்துப்பேச்சி, இங்கன வாடி" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடப் போனவளின் கையை அவன் பிடித்து இழுத்தான்.

"சொல்லாத ஆத்தா. யார்ட்டயும் சொல்லாத. தேனி முடியட்டும்."

"என்னடா களவாண்டவன் மாதிரி முழிக்கிற? ஆம்பளப் பிள்ளைக்குக் கொரலு மாறுறது நல்ல விசயந்தானடா?"

அவன் அழ ஆரம்பித்தான். அழுகையிலும் இரண்டு குரல் வந்தது. மொக்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முத்துப்பேச்சியைக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் மறைக்க வழியில்லாமல் போனது. தேனிக்காகச் செல்லப்பாண்டி தேர்ந்தெடுத்து வைத்திருந்த பாட்டு உச்சத்துக்கு ஏறி அங்கேயே சிறிது நேரம் நிற்கும். அந்த இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. செல்லப்பாண்டி பெட்டியை நிறுத்தாமல், "மறுபடி" என்றான். மறுபடியும் பிளந்தது. "மறுபடி." இந்தத் தடவை காற்றுதான் வந்தது.

"சளி" என்றான் அம்மாவாசி.

பாங்கோவிலிருந்து கையை எடுத்தான் சங்கிலி. "சளி இல்லடா. எங்கண்ணனுக்கு இப்பிடித்தான் ஆச்சு. அடுத்த வருசமே மீசை வந்துருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஜேசுராஜ் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னான்: "சுதிக் கட்டையைக் கொறச்சுப் பாடிப் பாப்பமா?"

"கொறச்சா பொம்பளக் கொரலா இருக்குமாடா?" என்றான் செல்லப்பாண்டி.

"அப்ப தேனிக்கு வரலன்னு சொல்லிருவோம். இவன் என்ன செய்வான்?"

"எங்கய்யா வர்றாகடா" என்றான் செல்லப்பாண்டி.  ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டினான். கொக்கி இரண்டு தடவை நழுவியது.

மறுநாளே அவன் அம்மாவாசியைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துத் தேவாரத்துக்குக் கூட்டிப்போனான். அன்று அங்கே சந்தை. நாடகக் கம்பெனியில் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மருந்துக்காரன் அங்கே வருவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மலையடிவாரத்து ரோட்டில் எதிர்க்காற்று. செல்லப்பாண்டி குனிந்து மிதித்தான். அம்மாவாசி அவனுடைய சட்டை முதுகில் வேர்வை பரவுவதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மருந்துக்காரன் சாக்கு விரித்து வேர்களையும் டப்பாக்களையும் பரப்பியிருந்தான். அம்மாவாசியின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தான்.

"கம்பெனியில எத்தன ராசா வேசம், எத்தன ராணி வேசம் பாத்துருக்கேன். மகரக்கட்டு ஒடையற பயலுக்கெல்லாம் இதான் மருந்து. தெனம் ஒரு வேளை தேன்ல கொழச்சு நக்கணும். ஒரு வருசத்துக்குக் கொரலு எறங்காது."

"நெசமா நிக்குமா?" என்று கேட்டான் அம்மாவாசி.

"கேக்குற கொரலே பொம்பளப் பிள்ளை மாதிரித்தான இருக்கு? இன்னுந் தாமதமாகல."

சாம்பல் நிறத்துப் பொடி. திரும்பி வரும்போது ராசிங்காபுரத்தில் சைக்கிளை நிறுத்திச் செல்லப்பாண்டி அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். தனக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பயப்புடாத மாப்ள. நீ இல்லாட்டி குழுவே இல்ல" என்றான்.

அதுவரை யாரும் அம்மாவாசியிடம் அப்படிச் சொன்னதில்லை.

பொடி நாக்கில் பட்டதும் எரிந்தது. தொண்டையில் இறங்கும்போது நெருப்பு இறங்கியதுபோல் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் பாடிப் பார்த்தபோது குரல் மெல்லியதாக, உயரமாக, பிசிறில்லாமல் வந்தது. தொண்டை வீங்கிக் குறுகியதால் வந்த குரல் அது என்று அவனுக்கு யார் சொல்வது? மருந்து வேலை செய்கிறது என்று நம்பினான். தினம் ஒரு வேளை என்று சொன்னதை இரண்டு வேளையாக்கினான். செல்லப்பாண்டிக்கே அது தெரியாது. ஆத்தா கண்ணில் படாமல் பொட்டலத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். சோறு விழுங்க முடியவில்லை. நீராகாரம் போதும் என்று சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் அவன் தண்ணீர் குடிக்கக் கஷ்டப்படுவதை ஜேசுராஜ் பார்த்துவிட்டான்.

"நாக்க நீட்டு."

"ஒண்ணுமில்ல."

"நீட்டுடா!"

நாக்கு வெந்துபோய் வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஜேசுராஜ் அவன் சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு வேளைக்கு மடித்துக் கொண்டுவந்திருந்த பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"என்ன எழவுடா இது? யாரு குடுத்தது?"

"நான் வாங்கிக் குடுத்தேன்" என்றான் செல்லப்பாண்டி. "நாடகக் கம்பெனி மருந்து."

"தின்னு பாத்தியா நீ? ஒன் நாக்குல வச்சுப் பாத்தியா?"

ஜேசுராஜ் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினான். செல்லப்பாண்டி பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். இருவரும் ஆணி மூட்டைகள்மேல் விழுந்தார்கள். கிட்டார் சாய்ந்து ஒரு தந்தி அறுந்தது. சங்கிலி நடுவில் புகுந்து செல்லப்பாண்டியின் இரண்டு கையையும் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"தேனிக்கு ஆள் அனுப்பி நாங்க வரலன்னு சொல்லிரப் போறேன்" என்று மூச்சு வாங்கக் கத்தினான் ஜேசுராஜ்.

"சொல்லாத!" என்றான் அம்மாவாசி. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "நாந்தான மருந்தத் தின்னேன்? நாந்தான பாடப் போறேன்? தேனிக்குப் போறோம்." வார்த்தைக்கு வார்த்தை எச்சில் விழுங்கித்தான் சொன்னான். "இந்த ஒரு தடவ. அதுக்கப்பறம் கொரலு எப்பிடியும் போகட்டும்."

ஜேசுராஜ் கிழிந்த சட்டையோடு கீழே இறங்கிப் போய்விட்டான். ஆனால் தேனிக்குப் புறப்படும் நாளில் கிட்டாருக்குப் புதுத் தந்தி போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் வந்து நின்றான். 

சின்ன ரயில் புகையைக் கக்கிக்கொண்டு தேனிக்குப் போய்ச் சேரும்வரை நான்கு பேரும் நான்கு ஜன்னல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவாசிக்கு உடம்பு காய்ந்தது. வெளியே சொல்லவில்லை.

பொருட்காட்சித் திடலில் பொழுது சாய்வதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் வியாபாரிகளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஓரமாக, வெள்ளைச் சட்டையும் மடியில் துண்டுமாகச் செல்லப்பாண்டியின் அப்பா. கம்பத்துக் குழுவில் ஜெபராணி என்ற பெண் பாடினாள். இருபது வயதிருக்கும். அவளுடைய அண்ணன் மேடை ஓரத்தில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தான். அவள் பாடி முடித்து இறங்கும்போது கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

கீழ்ப்படியில் நின்றிருந்த அம்மாவாசியை அவள் பார்த்தாள். அவன் மப்ளர் மாதிரி ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தான்.

"நீதான பொம்பளக் கொரல்ல பாடுற தம்பி? கண்ணெல்லாம் செவந்துருக்கே. காய்ச்சலா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"தொண்ட கட்டியிருந்தா பாடாத. வேணாம். அப்பறம் வருத்தப்படுவ" என்றாள். அவள் அண்ணன் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

முதல் பாட்டு எப்படியோ கரையேறியது. மெதுவான பாட்டு. மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து, பெரும்பாலும் மூச்சாலேயே பாடினான். கூட்டம் கை தட்டியது. பெண்கள் பக்கத்தில் யாரோ, "அய்யோ, அந்தப் பயலாடி பாடுறான்?" என்று கேட்டதுகூட அவனுக்குக் காதில் விழுந்தது. செல்லப்பாண்டி ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்துச் சிரித்தான். பல நாள் கழித்து வந்த சிரிப்பு அது. அப்பா பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து ஏதோ சொல்வதும் தெரிந்தது.

இரண்டாவது, அந்த உச்சத்துப் பாட்டு. சங்கிலி வேகமாகத் தட்டினான். பல்லவி முடிந்து சரணத்தில் குரல் ஏறியது. உச்சியில் போய் நிற்க வேண்டிய இடம் வந்தது. அம்மாவாசி முழு மூச்சையும் இழுத்துக் கொடுத்தான். தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது. மைக் வழியாகத் திடல் முழுக்கக் கேட்டது ஒரு குரைப்பு.

 பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"கோம்பை நாயைக் கூட்டியாந்துட்டாங்கப்பா!"

"ஏலே, நீ ஆம்பளையா, பொம்பளையா?"

அவன் மறுபடி வாயைத் திறந்தான். ஒன்றுமே வரவில்லை. சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று பறந்துவந்து மேடையில் சிதறியது. இருமினான். வாயைத் துடைத்த துண்டில் ரத்தம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். செல்லப்பாண்டி திட்டப்போகிறான், அப்பா முன்னால் மானம் போய்விட்டது என்று அடிக்கப்போகிறான் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தான்.

ஆர்மோனியம் நின்றது. செல்லப்பாண்டி எழுந்து வந்து துண்டைப் பார்த்தான்.  மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சிரிக்காதீக" என்றான். சிரிப்பு இன்னும் கூடியது. "சிரிக்காதீக! இவன் மேல தப்பில்ல. இவனுக்குக் கொரலு மாறிக்கிட்டிருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டியாந்தேன். மருந்து வாங்கிக் குடுத்தது நான். வாயில ரத்தம் வருது. டாக்டரு யாராச்சும் இருந்தா வாங்க."

சிரிப்பு அங்கங்கே நின்றது. எல்லா இடத்திலும் நிற்கவில்லை. முன்வரிசையில் அவனுடைய அப்பா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார். செல்லப்பாண்டி அதைப் பார்த்தான். பார்த்தபடியே குனிந்து அம்மாவாசியை இரண்டு கையாலும் தூக்கினான்.

தேனியில் ஒரு டாக்டர் வீட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்குச் செல்லப்பாண்டி எதையும் மறைக்காமல் சொன்னான். இரண்டு வேளை தின்றதை அம்மாவாசி டாக்டருக்கு மட்டும் தெரியும்படி விரலைக் காட்டிச் சொன்னான்.

"புண்ணாப் போன தொண்டையில பாட வச்சிருக்கீங்க. நான் சொல்ற வரைக்கும் இவன் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் டாக்டர்.

"பாட்டு டாக்டர்?" என்று கேட்டான் ஜேசுராஜ்.

"மொதல்ல பேச்சு வரட்டும்."

மறுநாள் காலையில் மூன்று பேரும் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றபோது மொக்கம்மாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள். பேசச் சொன்னாள். அவன் கண்ணீர் வழிய நின்றான். ஜேசுராஜ்தான் நடந்ததைச் சொன்னான்.

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"நாந்தான் அத்தை" என்றான் செல்லப்பாண்டி.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சங்கிலி ஒரு அடி பின்னால் போனான். அவள் கத்தவில்லை.

"எம்மயன் ஆளாயிட்டான்னு நான் சந்தோசப்பட்டேன். நீ அதுக்கு மருந்து வாங்கிக் குடுத்துருக்க" என்றாள். "போ. இந்த வாசல்ல இனி ஒன் கால் படக்கூடாது."

செல்லப்பாண்டி இரண்டு நாள் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. அவன் அப்பா அவனை மலைக்கு ஏற்றிவிட்டார் என்று சங்கிலி வந்து சொன்னான். மேடையில் நடந்தது கடைவீதி முழுக்கப் பரவியதால் ஞானசிகாமணி கிட்டங்கிச் சாவியை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டார். கடைசி நாள் மேடை கம்பத்துக் குழுவுக்குப் போனது. ஜெபராணி அன்று பாடியதைத் தேனியில் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம்.

அம்மாவாசி வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்தான். தொண்டை வலியைவிட, யாரும் சொல்லாமலேயே தெரிந்த ஒன்று அவனை அரித்தது. பொட்டலத்தைச் செல்லப்பாண்டிதான் வாங்கிக் கொடுத்தான். ஆனால் யாரும் பார்க்காதபோது இரண்டாவது வேளையைத் தின்றது அவன்தான். இதை ஆத்தாவிடம் சொல்லவும் அவனுக்குக் குரல் இல்லை. கோபம் செல்லப்பாண்டி மேல் வரும். பிறகு தன்மேல் வரும். ஜேசுராஜும் சங்கிலியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து, பேச முடியாதவனோடு தாயம் விளையாடிவிட்டுப் போனார்கள். பாட்டைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து டாக்டர் அனுமதி கொடுத்த பிறகும் அவன் பேசத் தயங்கினான். ஒருநாள் கூரையில் ஏறிய ஆட்டை விரட்டும் அவசரத்தில், "ஏய், எறங்கு!" என்று கத்திவிட்டான். மொக்கம்மாள் உள்ளேயிருந்து, யாரோ வெளியாள் வாசலில் நிற்கிறான் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். மகன் மட்டும் நின்றிருந்தான். கனத்த குரல். அடியில் கொஞ்சம் மணல் அரைபட்டது. அவள் அவனை அணைத்துக்கொண்டு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டாள்.

அன்றே அவன் அந்த இரண்டாவது வேளை விஷயத்தை ஆத்தாவிடம் சொன்னான். அவள் அரிசியில் கல் பொறுக்கி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் வந்தா வரட்டும்" என்றாள் கடைசியில்.

அவன் வந்தது பல ஞாயிற்றுக்கிழமைகள் கழித்து. சங்கிலியின் தோட்டத்தில், பம்புசெட் கொட்டகையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது வரப்பு வழியாக ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு செல்லப்பாண்டி வந்தான். மலை வெயிலில் கறுத்திருந்தான். கால் முழுக்க அட்டைக்கடித் தழும்பு. பெட்டியை இறக்கிவிட்டு நின்றான். உட்காரவில்லை.

"இப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டான் அம்மாவாசி.

அந்தக் குரலை முதல் தடவை கேட்ட செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கிட்ட பொம்பளக் கொரலு இல்ல. தெரியும்ல?"

"தெரியும்."

"இனி நம்மள ஒருத்தரும் கூப்புட மாட்டாக."

"அதுவுந் தெரியும். சாயங்காலம் ஜீப்புல ஏறணும். அதுவரைக்கும் ஒங்ககூட இருந்துட்டுப் போறேன்னு வந்தேன். போகச் சொன்னாப் போயிர்றேன்."

 ஜேசுராஜ் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான். செல்லப்பாண்டி உட்கார்ந்தான்.

"பொடிய ரெண்டு வேளை தின்னது நானு" என்றான் அம்மாவாசி. "நீ சொன்னது ஒரு வேளை."

"ஒரு வேளையும் நான் குடுத்துருக்கக் கூடாது."

 சங்கிலி பெட்டியின் கொக்கியைத் தானே கழற்றினான். செல்லப்பாண்டி தயக்கத்தோடு துருத்தியை அசைத்து ஒரு கட்டையை அழுத்தினான்.  அடுத்த கட்டை. பிறகு அதற்கடுத்தது. தன் குரல் நிற்கும் சுதியைத் தேடுகிறான் என்று புரிந்ததும் அம்மாவாசி மெல்ல வாயைத் திறந்தான். முதலில் சேர்ந்தது, பிறகு வழுகியது. செல்லப்பாண்டி ஒரு கட்டை கீழே இறங்கினான். அங்கேயும் குரல் ஆடியது. இன்னும் ஒன்று கீழே.

"இங்கன?"

"இரு." அம்மாவாசி மூச்சை இழுத்து மறுபடி பிடித்தான். குரல் ஆடவில்லை. "இங்கன நிக்குது."

ஜேசுராஜ் அதற்குத் தகுந்தபடி கிட்டார் தந்திகளை முறுக்கினான். சங்கிலி பாங்கோவைக் கால்களுக்கு நடுவில் இழுத்துக்கொண்டான். எந்தப் பாட்டு என்று யாரும் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளெல்லாம் வேறு கட்டையில் இருந்தன. அம்மாவாசி ஏதோ ஒன்றை மெதுவாக எடுத்தான். சரணத்தில் மேலே போகும்போது ஓரிடத்தில் குரல் கரகரத்தது. யாரும் நிறுத்தவில்லை.